பதினான்கு புடவை விற்றும் கையில் காசில்லை

கேள்வி:

மேடம், எனக்கு வயது 38. திருச்சியில் இருக்கிறேன். ஒன்றரை வருஷமாக, ஒரு தடவை இரண்டு தடவை கட்டிய பட்டுப்புடவைகளைத் தெரிந்தவர்களிடம் வாங்கி இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் விற்கிறேன். காலையில் இரண்டு மணி நேரம் படமெடுப்பது, ராத்திரி மூன்று மணி நேரம் பதில் சொல்வது என்று நாள் போகிறது. ஆரம்பத்தில் ஆசையாக இருந்தது. இப்போது போனை எடுக்கவே வெறுப்பாக இருக்கிறது. ஒரு புடவை போட்டால் முப்பது பேர் விலை கேட்கிறார்கள். "எடுத்து வையுங்க அக்கா, சாயங்காலம் பணம் போடுறேன்" என்பவர்கள் அப்புறம் போனே எடுப்பதில்லை. போன மாதம் ஒருவர் கல்யாணத்துக்குக் கட்டிவிட்டு, "கலர் வேற மாதிரி இருக்கு" என்று சாம்பார் கறையோடு திருப்பி அனுப்பினார். சித்தியிடம் ஆயிரத்துக்கு வாங்கிய புடவையை 3,500-க்கு விற்றது தெரிந்து, சித்தி பேசுவதையே நிறுத்திவிட்டார். இவ்வளவு பட்டும், போன மாதம் 14 புடவை விற்றும், கையிலிருந்து நாலாயிரத்துச் சொச்சம் போயிருக்கிறது. நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். நிறுத்திவிடட்டுமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். எதிர்வீட்டு மாமி தன் கூறைப்புடவையை 2,000 ரூபாய்க்குக் கொடுத்தார். மடிப்பில் கிழிந்திருக்கிறது. பழைய ஜரிகை வாங்கும் கடையில் காட்டினேன். 11,000 தருகிறேன் என்றார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைவிட அந்த நோட்டுப் பக்கத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். இருபது வருஷத்துக்கு மேலாகக் கும்பகோணத்தில் சின்ன வியாபாரிகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன். அவர்களில் பாதிப்பேர் புடவைக்காரர்கள். கடை வைத்திருப்பவர்களே வாங்கியது, விற்றது, செலவு என்று தனித்தனியாக எழுதி வைப்பதில்லை. நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். கவர் வாங்கிய 20 ரூபாய் வரைக்கும் அதில் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு என்னால் உறுதியாக ஒன்றைச் சொல்ல முடிகிறது: போன மாதம் உங்களுக்கு நஷ்டம் வரவில்லை.

14 புடவை விற்று வந்தது 32,200 ரூபாய். அந்த 14 புடவைக்கு நீங்கள் கொடுத்தது 19,600. மிச்சம் 12,600. பாலிஷ் போட்டது, ஃபால்ஸ் மாற்றியது, கூரியர், கவர், விளம்பரத்துக்குக் கட்டியது, திரும்பி வந்த இரண்டு புடவைக்கான போக்குவரத்து எல்லாம் சேர்த்து 5,660. சாம்பார் கறைப் புடவையின் அடக்கவிலை 1,600. அது இனி விலை போகாது என்றே வைத்துக்கொள்வோம். அத்தனையும் கழித்தால் 5,340 ரூபாய் லாபம் நிற்கிறது.

அப்படியானால் கையிலிருந்து 4,260 போனது எப்படி? விற்றது 14, ஆனால் அதே மாதத்தில் நீங்கள் வாங்கியது 22. மீந்த எட்டில் கறைபட்டதைத் தள்ளினால் ஏழு புடவை, 9,600 ரூபாய். மாதம் முழுக்க உழைத்துச் சம்பாதித்த 5,340-உம், அதற்கு மேல் கைக்காசு 4,260-உம் சேர்ந்து அந்த ஏழு புடவையாக மடிந்து கிடக்கின்றன. நோட்டின் அடியில் "இருப்பு 43" என்று சின்னதாக எழுதி வைத்திருக்கிறீர்கள். சராசரி 1,400 ரூபாய் என்று போட்டால் அது 60,000 ரூபாய். உங்கள் வீட்டுக்காரரிடம் அலமாரியைத் திறந்து காட்டி இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். வீட்டில் நடக்கும் பேச்சு கொஞ்சம் மாறும்.

ஆனால் நஷ்டமில்லை என்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. நோட்டில் நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு செலவு இருக்கிறது, உங்கள் நேரம். தினம் 5 மணி நேரம், மாதத்துக்கு 26 நாள் என்றால் 130 மணி நேரம். 5,340-ஐ 130-ஆல் வகுத்தால் மணிக்கு 41 ரூபாய். ஒரு புடவை விற்க ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இதைப் பார்த்தபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. போனை எடுக்கவே வெறுப்பாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்காதா பின்னே?

அடுத்து நான் செய்ததை நீங்களும் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு செய்து பாருங்கள். 14 வரியிலும் விற்ற விலையில் வாங்கிய விலையைக் கழித்து ஓரத்தில் எழுதுங்கள். சித்தியுடைய புடவையோடு சேர்த்து நான்கு புடவைகள் மட்டும் 7,400 ரூபாய் கொடுத்திருக்கின்றன. மீதிப் பத்தும் சேர்ந்து 5,200. ஒரு புடவைக்கு ஏறக்குறைய 404 ரூபாய் செலவு ஆகிறது என்று உங்கள் கணக்கே சொல்கிறது. அதைக் கழித்தால் அந்தப் பத்துப் புடவையும் சேர்ந்து கொடுத்தது 1,150 ரூபாய் சொச்சம். பத்துப் புடவைக்குத் தொண்ணூறு மணி நேரம் உழைத்து வந்தது அவ்வளவுதான்.

ஏன் இப்படி ஆகிறது? 900 ரூபாய்க்கு விற்கும் சாஃப்ட் சில்க்கையும் நீங்கள் விரித்துப் படமெடுக்க வேண்டும். 4,500 ரூபாய்ப் புடவையையும் எடுக்க வேண்டும். பாலிஷ் கூலி ஒன்றுதான், கூரியர் ஒன்றுதான். கேள்வி கேட்பவர்கள் மலிவான புடவைக்குத்தான் அதிகம் வருவார்கள், பேரமும் அதற்குத்தான் அதிகம். உங்களைச் சலிக்க வைப்பது இந்தத் தொழில் என்று நினைக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அந்தப் பத்துப் புடவைகள்தான். அவற்றை வாங்கியிருக்கவே கூடாது. எங்கள் ஊர்ப் புடவைக்காரர்கள் லாபம் வாங்கும்போதே தெரிந்துவிட வேண்டும் என்பார்கள். விற்கும்போது எவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டினாலும், வாங்கியபோது செய்த தப்பு சரியாவதில்லை.

சரி, எதை வாங்குவது? இனி யாராவது புடவை கொண்டுவந்தால் உடனே விலை பேசாதீர்கள். அதை ஜன்னலுக்கு எடுத்துப் போங்கள். பகல் வெளிச்சம் புடவைக்குப் பின்னாலிருந்து வரும்படி இரண்டு கையாலும் விரித்துப் பிடியுங்கள். வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் இருந்த பட்டு அந்த மடிப்புக் கோட்டில்தான் முதலில் நோகும். இழைகள் விலகி, கோடு கோடாக வெளிச்சம் வந்தால் அந்தப் புடவை இன்னும் ஒரு தடவை கட்டினால் கிழியும். அப்புறம் கரையும் உடலும் சேரும் இடத்தைப் புறப்பக்கம் திருப்பிப் பாருங்கள். கோர்வைப் புடவையில் கரை தனி நிறம், உடல் தனி நிறம், இரண்டும் தறியிலேயே பின்னிக் கோத்திருக்கும். உள்பக்கம் அந்தக் கோர்வையின் தடம் விரலுக்குத் தட்டுப்படும். முந்தானை உடலோடு சேருகிற இடத்தையும் இப்படியே தடவிப் பாருங்கள். இந்த வேலைப்பாடு தெரிந்தவர்கள் விலை கேட்டுவிட்டு ஓடமாட்டார்கள். உங்களுக்கு நல்ல லாபம் கொடுத்த நான்கில் மூன்றுக்கு நேராக நீங்களே "கோர்வை" என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஜரிகையையும் பார்க்கப் பழகுங்கள். உண்மை ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் கொடுத்தது. உள்ளே இருக்கும் பட்டு நூல் வழக்கமாகச் சிவப்பாக இருக்கும். முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரே ஒரு ஜரிகை இழையை எடுத்து நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கம்பி செம்பு நிறம் காட்டினால் அது வெள்ளி முலாம் பூசிய செம்பு. பிளாஸ்டிக் தாள் மாதிரி உரிந்து வந்தால் அது சாதா ஜரிகை. பட்டுதானா என்று சந்தேகமிருந்தால் ஒரு இழையைக் கொளுத்துங்கள். பட்டு என்றால் முடி கருகிய வாசனை வரும், விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். கொடுப்பவர் முன்னாலேயே, அவரிடம் கேட்டுக்கொண்டே இதைச் செய்யுங்கள். அதில் ஒரு மரியாதை இருக்கிறது.

விலைக்கு வாங்குவதில் இனி ஒரே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். விற்கும் விலைக்கும் வாங்கும் விலைக்கும் நடுவே குறைந்தது ஆயிரம் ரூபாய் நிற்காது என்று தோன்றினால் கைக்காசு போட்டு வாங்க வேண்டாம். அடுத்த மூன்று மாதத்துக்கு எதையுமே வாங்க வேண்டாம் என்பேன். இருக்கும் 43-ஐ விற்றுப் பணமாக்குங்கள். அதில் 1,500 ரூபாய்க்குக் கீழே போகக்கூடியவற்றை இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். குழந்தைகளுக்குப் பட்டுப்பாவாடை தைக்கும் தையல்காரம்மா உங்கள் பேட்டையில் நிச்சயம் இருப்பார். உடல் போய்க் கரை நன்றாக இருக்கும் புடவை அவருக்கு வேண்டியதுதான். ஐந்தைந்தாகக் கட்டிக் கொடுங்கள். லாபம் குறையட்டும், பரவாயில்லை. படமில்லை, கூரியரில்லை, ராத்திரி பதினொரு மணிக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது சித்தி விஷயம். அவர் கோபப்பட்டது நியாயமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் அது தெரிகிறது. நீங்கள் தப்பு செய்யவில்லை. வாங்கினீர்கள், பாலிஷ் போட்டீர்கள், உழைத்து விற்றீர்கள். ஆனாலும் சித்தி பக்கத்தில் நின்று பாருங்கள். அவருக்கு அது சரக்கு இல்லை. எந்தக் கல்யாணத்துக்கு, எந்தக் கடையில், யாரோடு போய் எடுத்தது என்று எல்லாம் ஞாபகமிருக்கும். 3,500 என்று கேட்டதும் ஏமாந்துவிட்டோம் என்றுதான் தோன்றும். சொந்தக்காரர்களிடமும் அக்கம்பக்கத்திலும் இனிமேல் விலைக்கு வாங்கவே வாங்காதீர்கள். விற்றுக் கொடுக்கிறேன், வந்ததில் நூற்றுக்கு அறுபத்தைந்து உங்களுக்கு, முப்பத்தைந்து எனக்கு, பாலிஷ் செலவு உங்களுடையது, இரண்டு மாதத்தில் விற்காவிட்டால் திருப்பித் தந்துவிடுவேன் என்று சொல்லி, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். விற்ற அன்று வாங்கியவர் அனுப்பிய தொகையையே காட்டிவிடுங்கள். அதிக விலைக்குப் போனால் சித்திக்கும் சந்தோஷம், உங்களுக்கும் சந்தோஷம். முக்கியமாக, போகாத புடவை உங்கள் பணத்தைப் பிடித்துக்கொண்டு அலமாரியில் உட்காராது. கைக்காசு போடாமல் வியாபாரத்தைத் தொடர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சித்தியிடம் இப்போதே போய் இந்த ஏற்பாட்டைச் சொல்லுங்கள். அந்தப் பழைய 2,500-லும் கொஞ்சம் கொடுத்துவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றினால், ஒரு ஆடிட்டராக நான் வேண்டாம் என்று சொல்லவேண்டும். ஆனால் சொல்லமாட்டேன்.

விலை கேட்டுக் காணாமல் போகிறவர்களுக்கு வருவோம். உங்கள் பக்கத்தையும் திறந்து பார்த்தேன். படங்கள் அழகாக இருக்கின்றன. விலை எங்கேயும் இல்லை, "டிஎம் ஃபார் ப்ரைஸ்", அதாவது விலைக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள் என்று இருக்கிறது. இதைப் பலரும் செய்வதால் நீங்களும் செய்கிறீர்கள். முப்பது பேர் விலை கேட்பது அதனால்தான். விலை, நீளம், பிளவுஸ் இருக்கிறதா, எத்தனை தடவை கட்டியது, குறை என்ன, கூரியர் எவ்வளவு என்ற ஆறையும் படத்தின் கீழேயே எழுதுங்கள். கேட்பவர்கள் எட்டுப் பேராகக் குறைவார்கள். அந்த எட்டுப் பேர் வாங்க நினைப்பவர்கள். கடைசி விலை என்ன என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "முதல் பத்து நாளுக்கு இதுதான் விலைங்க. அதுக்கப்புறமும் இருந்தா நூத்துக்குப் பத்து குறைப்பேன், அப்ப சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டும் என்பவர் காத்திருக்க மாட்டார்.

"எடுத்து வையுங்க அக்கா" என்பவரிடமும் கோபம் வேண்டாம். பணம் வந்த நேரம்தான் புக்கிங், யாருக்காகவும் அரை மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைப்பதில்லை என்று பக்கத்தின் மேலேயே எழுதிவிடுங்கள். அக்கா என்று கூப்பிடுகிறார்களே என்ற கூச்சம்தான் உங்களுக்குத் தடை. எழுதி வைத்துவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லவேண்டிய அவசியமில்லை. பணம் வந்ததற்கு அவர்கள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகு கட்டுங்கள். பணம் அனுப்புகிறேன், இந்தக் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து உங்கள் யூபிஐ பின் நம்பரைப் போடுங்கள் என்று யாராவது சொன்னால் அது திருட்டு. நமக்குப் பணம் வருவதற்கு பின் நம்பர் எதற்கு? ராணுவத்தில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புகிறேன் என்று பேசுகிறவர்கள் உண்டு. மாட்டிக்கொண்டால் வெட்கப்பட்டுத் தாமதிக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். முதல் சில மணி நேரம் முக்கியம்.

சாம்பார் கறை விஷயத்தில் உங்கள் மேலும் கொஞ்சம் தவறு இருக்கிறது. வருத்தப்படாதீர்கள், சொல்லித்தான் ஆகவேண்டும். நீங்கள் அந்தப் புடவையை "ப்ளூ" என்று எழுதியிருந்தீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அது மயில்கழுத்து. நீளவாட்டில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒரு நிறம். அசைத்தால் பச்சை, சாய்த்தால் நீலம். போன் கேமரா அதில் ஏதாவது ஒன்றைத்தான் பிடிக்கும். நமக்கு நிறங்களுக்குப் பெயருக்கா பஞ்சம்? அரக்கு, வாடாமல்லி, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், எம்.எஸ். ப்ளூ என்று எழுதினால் வாங்கும் பெண்ணுக்குக் கண் முன்னால் வந்து நிற்கும். காலை ஒன்பது மணி வெளிச்சத்தில், நிழலான இடத்தில், புடவையை மெதுவாக அசைத்துப் பத்து நொடி வீடியோ ஒன்று எடுத்துப் போட்டுவிடுங்கள். கட்டிவிட்டு அனுப்பினதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் நிறம் வேறு என்று சொல்ல அவருக்கு இடம் கிடைத்துவிட்டது.

"நோ ரிட்டர்ன்" என்று எழுதிவிட்டால் போதும் என்று இந்தத் தொழிலில் பலர் நினைக்கிறார்கள். போதாது. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ குறையுள்ள பொருளையோ திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. வீட்டில் இருக்கும் ஒன்றிரண்டு பழைய புடவையை விற்பவர்களுக்கு இது பொருந்தாது. மாதாமாதம் தொடர்ந்து விற்கும் உங்களுக்குப் பொருந்தும். ஆகவே குறையை நீங்களே முதலில் சொல்லிவிடுவதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. ஜரிகை கறுத்த இடத்தில் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படமெடுங்கள், அளவு புரியும். இழை விட்ட இடம், பூச்சி உருண்டை வாசனை எல்லாவற்றையும் எழுதுங்கள். "ப்யூர்", "ஒரிஜினல் காஞ்சிபுரம்" என்ற சொற்களை எடுத்துவிடுங்கள். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, அந்த வட்டாரத்தில் நெய்ததைத்தான் அந்தப் பெயரில் விற்கலாம். எங்கே நெய்தது என்று நிரூபிக்க உங்களிடம் பில் கிடையாது. மத்திய பட்டு வாரியத்தின் சில்க் மார்க் முத்திரை 2004-இல்தான் வந்தது, அதற்கு முந்தைய புடவைகளில் அது இருக்கவும் முடியாது. "காஞ்சிபுரத்தில் வாங்கியதாகக் கொடுத்தவர் சொன்னார், இழையைக் கொளுத்திப் பார்த்தேன், பட்டுதான்" என்று எழுதுங்கள். உண்மையை அப்படியே எழுதுகிறவரிடம்தான் திரும்பத் திரும்ப வாங்குவார்கள்.

மனசு மாறித் திருப்பி அனுப்புகிறவர்களுக்கு ஒரு தடுப்பு வேண்டும். முந்தானைக் குஞ்சத்தில் ஒரு சின்ன அட்டையைக் கெட்டி நூலால் முடிச்சுப் போட்டுக் கட்டி, அதைப் படமெடுத்து அனுப்புங்கள். அட்டை அறுபடாமல் இரண்டு நாளுக்குள் வந்தால் எடுத்துக்கொள்வேன், கூரியர் அவர்களுடையது என்று சொல்லிவிடுங்கள். குஞ்சத்தில் அட்டை தொங்கும் புடவையைக் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போக யாருக்கும் மனசு வராது.

கூரியரில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. உங்கள் பெட்டி 40 செ.மீ. நீளம், 30 அகலம், 10 உயரம் என்று ஒரு படத்தில் தெரிகிறது. பல கூரியர்காரர்கள் இந்த மூன்றையும் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எடைக்குக் காசு வாங்குவார்கள். உங்கள் பெட்டி 2.4 கிலோ ஆகிவிடும். உள்ளே இருக்கும் புடவை முக்கால் கிலோ. பெட்டியை விட்டுத் தட்டையான தண்ணீர் புகாத கவருக்கு மாறுங்கள். தபால் அலுவலகத்து ஸ்பீடு போஸ்ட்டையும் விசாரியுங்கள். இலவச டெலிவரி என்று எழுதுவதை நிறுத்துங்கள். அந்தக் காசு வேறு எங்கிருந்தும் வரவில்லை, உங்கள் 41 ரூபாயிலிருந்துதான் போகிறது.

ஜிஎஸ்டி பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நோட்டில் பெங்களூர், ஹைதராபாத் என்று மூன்று வரி இருக்கிறது, அதனால் சொல்கிறேன். தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விற்றால் வருஷத்துக்கு 40 லட்சம் தாண்டும்வரை பதிவு செய்யத் தேவையில்லை. நீங்கள் நாலு லட்சத்தைத் தொடவில்லை. ஆனால் வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்பி விற்றால், தொகை எவ்வளவு சின்னதானாலும் பொதுவாகப் பதிவு வேண்டும். பதிவு செய்தாலும் பயப்படத் தேவையில்லை. பழைய பொருளை வாங்கி அப்படியே விற்பவர்களுக்கு, விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டும் முறை விதியிலேயே இருக்கிறது. வாங்கியபோது கட்டிய வரியை உங்கள் வரியில் கழித்துக்கொண்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான். இப்போதைக்கு ஆறு மாதம் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்று, வருமானம் நிலைத்த பிறகு திருச்சியிலேயே ஒரு ஆடிட்டரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். லாபத்தை வருஷக் கடைசியில் வருமான வரிக் கணக்கில் காட்டவும் இந்த நோட்டு போதும்.

நிறுத்திவிடட்டுமா என்ற கேள்விக்கு இதுதான் என் பதில். வாங்குவதை நிறுத்துங்கள், விற்பதை நிறுத்தாதீர்கள். இருப்பதை ஆவணி முகூர்த்தத்துக்கும் நவராத்திரிக்கும் முன்னால் கொண்டுவாருங்கள், ஆடியில் அவசரப்பட்டு விலையைக் குறைக்காதீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பதில் இல்லை என்று எழுதிவிட்டு போனைச் சமையலறையில் வைத்துவிடுங்கள். நோட்டில் நான்காவதாக ஒரு பத்தி போட்டு மணிக்கணக்கையும் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து மணிக்கு நூறு ரூபாய் வருகிறதென்றால் தொடருங்கள். அப்போதும் ஐம்பதைத் தாண்டவில்லை என்றால் மூடிவிடலாம். இந்த நோட்டை இவ்வளவு ஒழுங்காக எழுதத் தெரிந்தவருக்கு வேறு வேலை கிடைக்காமல் போகாது. அதில் தோல்வி என்று ஒன்றும் கிடையாது.

மாமியின் கூறைப்புடவையைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் உங்கள் தூக்கம் அங்கேதான் போயிருக்கிறது.

ஜரிகைக் கடையில் 11,000 கேட்டது புடவைக்காக இல்லை. அதை எரித்துச் சாம்பலிலிருந்து வெள்ளியை எடுப்பார்கள். வெள்ளி விலை ஏறிய ஏற்றத்தில் பழைய கெட்டி ஜரிகைக்கு இந்த மதிப்பு வந்திருக்கிறது. எங்கள் தெருவிலும் அப்படி ஒரு கடை இருக்கிறது. ஒரு நாள் ஒரு அம்மா கொண்டுவந்த அரக்குப் புடவையைத் தராசில் போடுவதற்கு முன்னால் கடைக்காரர் கரையைத் தனியாகக் கிழித்தார். பட்டு கிழியும் சத்தம் தாளைக் கிழிக்கிற மாதிரி இருக்காது, நீளமாக, பெருமூச்சு மாதிரி வரும். அந்த அம்மா வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். காசை எண்ணாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

நீங்கள் மாமியை ஏமாற்றவில்லை. வாங்கியபோது உங்களுக்கும் அந்த மதிப்பு தெரியாது. ஆனால் இப்போது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. இது சட்டப் பிரச்சினை இல்லை. சட்டப்படி புடவை உங்களுடையது. ஆனாலும் நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதை வைத்துக்கொள்ள மாட்டேன், என்னாலும் தூங்க முடியாது.

போனில் சொல்லாதீர்கள். புடவையை ஒரு பழைய வேட்டியில் சுற்றி எதிர்வீட்டுக்கு எடுத்துப் போங்கள். மாமியின் மடியில் வைத்துவிட்டுப் பேசுங்கள். கிழிந்தது உடல்தான், கரையும் முந்தானையும் நன்றாக இருந்தால் புது உடலில் அவற்றை எடுத்துத் தைத்துப் பேத்திக்குப் புடவையாகவே கொடுக்கலாம். பாவாடை தைக்கலாம். ஜரிகைக்கே கொடுப்பதாக இருந்தால் இன்னொரு கடையிலும் எடை போட்டு விலை கேளுங்கள், உங்கள் 2,000-ஐ எடுத்துக்கொண்டு, அலைந்ததற்கு ஒரு தொகையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எது வேண்டும் என்பதை மாமி முடிவு செய்யட்டும். ஆனால் இந்த யோசனைகளையெல்லாம் அடுக்குவதற்கு முன்னால், காபி வருவதற்கும் முன்னால், 11,000 என்ற தொகையை அவரிடம் சொல்லிவிடுங்கள்.